‘போதாது’ என்று எழுதியவர்

தவமணி டீச்சர் இறந்த செய்தி எனக்கு ஒரு ரோசாப்பூப் படத்தோடு வந்தது. காரைதீவுப் பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டதை வேறு யாரோ எடுத்துப் பகிர, அது என் தங்கையின் கைக்கு வந்து, அவள் எனக்கு அனுப்பியிருந்தாள். லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் மத்தியான நேரம். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பூவுக்குக் கீழே, ‘சாந்தமே உருவானவர், ஒருவரையும் கடிந்து பேசாத எங்கள் ஆசிரியை’ என்று எழுதியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. சாந்தமாம். ஒருவரையும் கடிந்து பேசாதவராம். மனிசி மூச்சடங்கி ஒரு நாள் முடியவில்லை, அதற்குள் அவரை வேறு ஆளாக்கிவிட்டார்கள். சோற்றை வடிக்க மறந்து குழைய விட்டுவிட்டேன்.

டீச்சரிடம் படித்தவர்களும் அவரோடு படிப்பித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். நான் அந்த இரண்டு வகையிலும் சேராதவள். நிந்தவூரில், தன் மகளை மூன்று வருடம் வீட்டில் வைத்துப் படிப்பித்த ஒரு தாய். அந்தப் படிப்பு போதுமா என்று பார்க்க வந்து, ‘போதாது’ என்று எழுதிவிட்டுப் போனவர் தவமணி டீச்சர். எனக்கு அவரை அந்த வழியால்தான் தெரியும். அவரைச் சாந்தமானவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

முதலில் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹனாவுக்கு எட்டு வயதில் வலிப்பு வந்தது. மூன்றாம் தரத்தில் இருந்தாள். ஒரு நாள் வகுப்பில் விழுந்துவிட்டாள். எனக்குத் தகவல் வந்து நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது, மற்றப் பிள்ளைகளையெல்லாம் வெளியே அனுப்பி, வகுப்பறைக் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். உள்ளே சீமெந்துத் தரையில் என் பிள்ளை தனியாகக் கிடந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. “மத்தப் புள்ளையள் பயந்துருவாங்க எண்டுதான்” என்றார்கள். அடுத்த கிழமை நான் கூட்டிக்கொண்டு போனபோது வாசலிலேயே வைத்து, “நல்லா சுகமாக்கிப் போட்டுக் கொண்டு வாங்க” என்றார்கள். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. எழுத்தில் தந்தால் கேள்வி வரும் என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று வருடம் ஒருவரும் வந்து, அந்தப் பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை.

ஆகவே நானே படிப்பித்தேன். நான் உயர்தரம் வரைக்கும் படித்தவள்தான். காலையில் இரண்டு மணித்தியாலம் கணக்கும் தமிழும், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு சுற்றாடலும் ஆங்கிலமும். கொப்பிகளுக்கெல்லாம் மண்ணிறத் தாளில் உறை போட்டு, பெயர் எழுதி, அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தேன். நாற்பது கொப்பிக்கு மேல் இருக்கும். ஒரு பக்கத்திலும் சிவப்புப் பிழை கிடையாது. பிழை வந்தால் அந்தப் பக்கத்தையே திரும்ப எழுத வைப்பேன். யாராவது ஒரு நாள் கேட்டு வந்தால் முகத்தில் அடித்த மாதிரி எடுத்துக் காட்ட வேண்டும் என்ற வைராக்கியம் எனக்கு.

வந்தார்கள். பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளைத் தேடிப் பார்க்கும் குழு என்று மூன்று பேர். ஒருவர் கிராம சேவகர், ஒருவர் கல்விக் காரியாலயத்து உத்தியோகத்தர், மூன்றாவது ஆள் ஓய்வுபெற்ற ஆசிரியை தவமணி டீச்சர். நான் வட்டிலப்பமும் தேநீரும் வைத்தேன். ஆண்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டே கொப்பிகளைப் புரட்டினார்கள். “மாஷா அல்லாஹ், எழுத்தைப் பாருங்க, அச்சடிச்ச மாதிரி” என்றார் உத்தியோகத்தர். பத்து நிமிடத்தில் அவர்களுக்குத் திருப்தி வந்துவிட்டது. டீச்சர் தேநீரையும் தொடவில்லை, கொப்பியையும் தொடவில்லை. தொடாததற்கு நான் எனக்குள்ளேயே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். அவர் ஹனாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். இருபத்து நான்கு மாங்காயை ஐந்து பேருக்குப் பங்கு வைத்தால் மிச்சம் எத்தனை என்று. ஹனா சரியாகச் சொன்னாள். இன்னொன்று கேட்டார். அதற்கும் சரியான விடை. அப்போதுதான் என்னிடம் திரும்பி, “புள்ள, நீங்க கொஞ்சம் குசினிக்குள்ள போய் இரிங்க” என்றார்.

என் வீட்டில், என் பிள்ளைக்கு முன்னால், என்னை எழும்பிப் போகச் சொன்னார். அடுப்படிக்குப் போனேன். திரைச்சீலைக்குப் பின்னால் நின்று கேட்டேன். அதே மாதிரிக் கேள்வி, அதைவிட இலேசானது. ஹனாவின் சத்தமே வரவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். டீச்சர் அவசரப்படுத்தவில்லை. “தெரியாது” என்று கடைசியில் ஒரு சின்னச் சத்தம் வந்தது. தெரியாமல் என்ன, அந்தக் கணக்கை நூறு தரம் செய்தவள் அவள். நான் திரும்பி வந்தபோது டீச்சர் படிவத்தில் எழுதிக்கொண்டிருந்தார். முன்னேற்றம் போதுமா போதாதா என்று ஒரு கட்டம். அதில் பேனையால் ‘போதாது’ என்று எழுதினார். உத்தியோகத்தர், “டீச்சர், இப்போதைக்குப் பென்சிலால எழுதுவமே” என்றார். “அழிக்க ஏலுமெண்டா யோசிக்காம எழுதிருவம் தம்பி” என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

அன்று நான் போட்ட சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மூன்று வருட உழைப்பு. ஒரு சொல். பள்ளிக்கூடம் தள்ளிவிட்டபோது வாய் திறக்காதவர்கள், நான் தூக்கி நிறுத்திய பிள்ளையைக் குறை சொல்ல வந்துவிட்டார்களா? மகளின் வாப்பா சம்மாந்துறையில் அரிசி ஆலையில் வேலை செய்கிறார். வேலை முடிந்து வந்தவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “அவ கேட்டத்துல என்ன பிழை? நீ குசினிக்குள்ள போனதும் புள்ளைக்கு ஏன் கத வரல்ல, அதச் சொல்லு” என்றார். நான் அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

அந்த ஒரு சொல்லை வைத்துக் காரியாலயம் செய்த வேலையைக் கேளுங்கள். பிள்ளைக்கு ஒரு பரீட்சை வைக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. அவளைத் தள்ளிவிட்ட அதே பள்ளிக்கூடத்தில், அவள் விழுந்து கிடந்த அதே கட்டடத்தில் வைத்தார்கள். கதவைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். பத்து நாளில் அடுத்த கடிதம் வந்தது. பிள்ளையை உடனே மூன்றாம் தரத்தில் சேர்க்க வேண்டுமாம். பதினொரு வயதுப் பிள்ளையை, எட்டு வயதுப் பிள்ளைகளோடு, முட்டி இடிக்கும் கதிரையில். நான் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு கல்முனைக்குப் போனேன். காரியாலயத்தில் அந்த உத்தியோகத்தரின் மேசைக்கு முன்னால் ஏற்கெனவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். கையில் குடை. தவமணி டீச்சர்.

அவருக்கும் கடிதத்தின் பிரதி போயிருந்தது. நான் யார் மேல் கோபத்தோடு வந்தேனோ அவரே எனக்கு முன்னால் சண்டையைத் தொடங்கியிருந்தார். “நான் போதாது எண்டுதான் எழுதினன். ஒண்டுமே இல்ல எண்டு எழுதல்ல. இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் எப்பிடித் தம்பி புள்ளைக்குத் தரம் பிரிக்கிறீங்க?” என்று கேட்டார். காரியாலயத்தில் ஐந்தாறு பேர் தலை தூக்கிப் பார்த்தார்கள். உத்தியோகத்தர், “பரீட்சைப் புள்ளி அப்பிடி டீச்சர்” என்றார். “பேப்பரக் காட்டுங்க” என்றார் டீச்சர். காட்ட வேண்டிய சட்டம் இல்லை என்றார் அவர். “இந்தத் தாய் பாக்காம, நான் பாக்காம, ஒரு புள்ளைய மூணு வருசம் பின்னுக்குத் தள்ளுறதுக்கு மட்டும் சட்டம் இரிக்கோ?” என்று கேட்டுவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இவரைத்தான் ஒருவரையும் கடிந்து பேசாதவர் என்று ரோசாப்பூவுக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள். பேப்பர் வரும் வரைக்கும் அவர் அசையவில்லை.

பேப்பர் வந்தது. ஏழாவது கேள்வி, சூரியன் உதிக்கும் திசை எது? ஹனா ‘கடல் பக்கம்’ என்று எழுதியிருந்தாள். பிழை என்று சிவப்பால் வெட்டியிருந்தது. அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் திசை என்றால் இரண்டுதான். ஒன்று கடல் பக்கம், மற்றது வட்டைப் பக்கம். வட்டை என்பது நாங்கள் வயல் வெளிக்குச் சொல்லும் பெயர். வழி சொன்னாலும் அப்படித்தான் சொல்வோம், வீட்டுக்கு வாசல் வைத்தாலும் அப்படித்தான் சொல்வோம். டீச்சர் தாளை உத்தியோகத்தரின் மூக்குக்கு நேரே பிடித்தார். “இந்தப் புள்ள கண்ணால கண்டத எழுதியிரிக்கி. பிழை எண்டு வெட்டினவர் விடியக்காலையில எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிண்டவர்?” இதே மாதிரி இன்னும் நாலு கேள்விகளை விரல் வைத்துக் காட்டினார். அரை மணித்தியாலத்தில் அந்தக் கடிதம் நிறுத்தப்பட்டது. ஒரு வருடம் தவணை கிடைத்தது. ஒவ்வொரு மாதமும் தவமணி டீச்சர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுத வேண்டும், வருட முடிவில் அவருடைய அறிக்கையை வைத்து முடிவு எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. வெளியே வந்ததும் நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். “போதாது எண்டு எழுதினவ, எவ்வளவு வேணுமெண்டும் சொல்லத்தானே வேணும்” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முதல் மாதம் வந்த அன்றே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. ஹனாவை முன்னால் வைத்து, “டீச்சர், அப்ப அந்த ஏழாவது கேள்வி சரிதானே?” என்றேன். “அரை” என்றார். எனக்கு ஏறிவிட்டது. “அங்க சரி எண்டு சண்டை பிடிச்சீங்க, இஞ்ச வந்து அரை எண்டுறீங்களே” என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “அங்க கதைச்சது அவருக்கு. இஞ்ச கதைக்கிறது புள்ளைக்கு” என்றார். பிறகு ஹனாவிடம், “மத்த அரைவாசி எங்க இரிக்கி எண்டு நீ தேடி வை மகள். அவசரமில்ல” என்றார். விடையை அவர் சொல்லவில்லை. அவர் போன பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்று நான் நினைத்திருந்ததையும் எப்படியோ கண்டுபிடித்து, வாசலில் நின்று, “நீங்க சொல்லிக் குடுத்தா எனக்கு விளங்கும் புள்ள” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று குசினிக்குள் வந்து என்னிடம் தனியாகச் சொன்ன வசனம்தான் என்னை உலுக்கியது. “உங்கட மகளுக்கு நல்ல மூளை. ஆனா அவ கொப்பியப் படிக்கல்ல, உங்கட மொகத்தப் படிச்சிரிக்கா. பிழையான விடைக்குக் கிட்டப் போனா நீங்க புருவத்தத் தூக்குறீங்க. சரியாப் போனா மூச்சு விடுறீங்க. அதப் பாத்துத்தான் அவ விடை சொல்றா.” நான் மறுத்தேன். கத்தினேன் என்றே சொல்லலாம். அவர் போன பிறகு, அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் ஹனாவை உட்கார வைத்து ஒரு கூட்டல் கணக்கைச் செய்யச் சொன்னேன். என் புருவம் தூக்குவதை நானே கண்டேன். மூன்று வருடம் நான் யாரைப் படிப்பித்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று நான் சாப்பிடவில்லை.

அதன் பிறகு பாட நேரத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பிழைகளைத் திரும்ப எழுத வைப்பதை நிறுத்தினேன். டீச்சர் ஒவ்வொரு மாதமும் வந்தார். காரைதீவு ஒன்றும் தூரமில்லை, ஆனால் அந்த வெயிலில் பஸ் இறங்கி எங்கள் குறுக்கு வீதிக்கு நடக்க வேண்டும். வந்தால் என்னைக் குசினிக்கு அனுப்புவார். தேநீர் வேண்டாம் என்பார். முதல் இரண்டு மாதமும் ஹனா விக்கி விக்கிப் பதில் சொன்னாள். கொப்பியில் பிழைகள் பெருகின. என் பிள்ளை முன்னேறுகிறாளா, பின்னுக்குப் போகிறாளா என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. “இப்பதான் புள்ளைட கொப்பி புள்ளைட கொப்பியா இரிக்கி” என்றார் டீச்சர். எனக்கு அதைக் கேட்டு ஆறுதல் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

நாலாவது மாதம் என்று நினைக்கிறேன். டீச்சர் கேள்வி கேட்கத் தொடங்கும் முன்னே ஹனா கேட்டாள். “டீச்சர், ஸ்கேன் எடுக்க கொழும்புக்குப் போனநேரம் காலிமுகத்திடலுக்குப் போனம். அங்க சூரியன் கடலுக்குள்ளதான் விழுகுது. அப்ப அங்க இரிக்கிற புள்ள கடல் பக்கம் எண்டு எழுதினா அது மறையிற பக்கம்தானே?” நான் குசினியில் கையில் கரண்டியோடு நின்றேன். டீச்சர், “ஓம்” என்றார். “கண்டியில இரிக்கிற புள்ளைக்குக் கடலே இல்லையே. அவங்களுக்கு என்னெண்டு சொல்ற?” என்று ஹனா அடுத்ததைக் கேட்டாள். “என்னெண்டு சொல்லலாம்?” என்றார் டீச்சர். “எல்லாருக்கும் ஒரே மாதிரி விளங்குற சொல்லு வேணும். அதுக்குத்தான் கிழக்கு எண்டு வச்சிரிக்காங்க போல” என்றாள் என் மகள். நான் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். டீச்சர் என்னைப் பார்த்து முறைத்தார். நான் திரும்பக் குசினிக்குள் போய் நின்று அழுதேன். தவமணி டீச்சர் அன்றும் பாராட்டாக ஒரு சொல் சொல்லவில்லை. “விடை சொல்ற புள்ளைய நான் பெரிசா எடுக்கிறல்ல. என்ன கேக்குது எண்டுதான் பாக்கிற” என்று போகும்போது சொன்னார்.

வருட முடிவில் அறிக்கையை எங்கள் வீட்டு மேசையில் வைத்தே எழுதினார். கணக்கில் வகுத்தல் திடமில்லை என்று எழுதினார். ஆங்கிலம் பலவீனம் என்று எழுதினார். ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியில், வயதுக்குரிய வகுப்பில் சேரத் தகுதி உண்டு என்று எழுதி ஒப்பமிட்டார். பேனையை மூடிவிட்டு, “இப்ப தாங்க புள்ள தேத்தண்ணி” என்றார். நான் விழித்தேன். “பாத்து எழுத வாற வீட்டுல வாய் நனைச்சா எனக்குக் கை நேரா எழுதாது. இனி நான் சும்மா வந்த ஆள்தானே” என்றார். இரண்டு கோப்பை குடித்தார்.

ஹனா ஏழாம் தரத்தில், வேறொரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். முதல் நாள் டீச்சரும் வந்தார். வகுப்பாசிரியையிடம், “வலிப்பு வந்தா ஒருபக்கமாச் சரிச்சுப் படுக்க வையுங்க. வாய்க்குள்ள ஒண்டும் வைக்காதீங்க. பக்கத்திலயே இருங்க. புள்ளையள வெளிய அனுப்பாதீங்க, அதுகளுக்கும் பழகட்டும்” என்று சொன்னார். நாலு வசனம். இந்த நாலு வசனத்தைச் சொல்ல எட்டு வயதில் என் பிள்ளைக்கு ஓர் ஆள் இருக்கவில்லையே என்று எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

செத்த வீட்டுக்கு நானும் ஹனாவும் போனோம். அவளுக்கு இப்போது பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். முற்றத்தில் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, ‘தமிழ், முஸ்லிம் இரு சமூகங்களுக்கும் பாலமாக வாழ்ந்தவர்’ என்று பேசிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. டீச்சர் என் வீட்டுக்குப் பாலம் போட வரவில்லை. ஒரு பிள்ளைக்கு வகுக்கத் தெரியுமா என்று பார்க்க வந்தார். அப்படித்தான் வந்தார், அதனால்தான் நான் அவரை நம்பினேன்.

அப்போது டீச்சரின் தங்கை என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். “நிந்தவூர் ஹனாட உம்மாதானே நீங்க? அக்கா உங்களப் பத்தி நிறையக் கதைப்பா” என்றார். பிறகு, வெகு சாதாரணமாக, “உங்கட வீட்டுக்கு மாதப் பார்வைக்கு முதல்தரம் தனியா வந்த நாள் சந்திக் கடையில வழி கேட்டவ. நீங்க அவவப் பத்திச் சொன்னத கடைக்காரர் அப்பிடியே சொல்லிட்டாராம்” என்றார்.

நான் சொன்னது இது. ‘போதாது’ என்று அவர் எழுதிவிட்டுப் போன மறுநாள், அந்தக் கடை வாசலில், நாலைந்து பெண்களுக்கு முன்னால், உரத்த குரலில் சொன்னேன்: “தமிழ் மனிசிதானே, எங்கட புள்ளையள் முன்னேறினா அவவுக்குப் பொறுக்குமா?” ஒருவரும் என்னைச் சொல்லத் தூண்டவில்லை. நானாகச் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் டீச்சர் என் வாசலுக்கு வந்திருக்கிறார். ஒரு வருடம் வந்தார். முகத்தில்கூடக் காட்டவில்லை. நான் மாப்புக் கேட்கவும் இல்லை, நான் சொன்னது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவும் இல்லை. “டீச்சர் என்ன சொன்னவ?” என்று தங்கையிடம் கேட்டேன். “என்ன சொல்ற? தாய்க்கு ஆத்திரம், அது அவட பாடு, நான் புள்ளையப் பாக்கத்தானே போறன் எண்டவ” என்றார்.

ஹனா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓட்டோவில் வந்து வீட்டு வாசலில் இறங்கியதும், “உம்மா, அப்பிடிச் சொன்னீங்களா?” என்றாள். “ஓம்” என்றேன். “டீச்சரப் பத்தி எழுதப் போறன் எண்டீங்களே. இதையும் எழுதுவீங்களா, நல்லதுகள மட்டும் எழுதுவீங்களா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் வரைக்கும் உள்ளே போகாமல் நின்றாள்.

எழுதியிருக்கிறேன். இப்படிக் கேட்கத் தெரிந்த மகள்தான் தவமணி டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது.